இருபத்து நான்கு தாள்களில் ஒரே தவறு

மே 3, திங்கள்

கிரைண்டர் பெல்ட் அறுந்துவிட்டது. ஊறவைத்த அரிசியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு ஓடியதில் திருத்தும் மையத்துக்குக் கால் மணி நேரம் தாமதம். இருபது வருடப் பணியில் நான் தாமதமாகப் போன நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மலைக் கிராமங்களில் எட்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை உறைவிடப் பள்ளியில் சேர்க்க ஏப்ரலில் ஒரு தேர்வு நடந்தது. இருப்பது நாற்பது இடம், எழுதியவர்கள் ஆயிரத்துக்கு மேல். கணிதத் தாள்களைத் திருத்த எங்கள் ஊரில் பன்னிரண்டு ஆசிரியர்களை அழைத்திருக்கிறார்கள். தாள்கள் பக்கத்து மாவட்டத்தவை. பெயர் இருக்காது, ஊர் இருக்காது, ரகசிய எண் மட்டும்தான். தலைமைத் தேர்வாளர் ஞானசௌந்தரி மேடம் முதல் கட்டை என்னிடம் கொடுத்து, "மங்கையர்க்கரசி, உங்க கண்ணுக்கு எதுவும் தப்பாது" என்றார். எல்லோர் முன்னிலும் சொன்னார்.

என் கணவர் இளம்பரிதி கோடை விடுமுறைக்கு வீட்டில் இருக்கிறார். அந்தப் பக்கத்து மாவட்டத்தில்தான் அவர் சமூக அறிவியல் ஆசிரியர். மற்ற நாட்களில் சனிக்கிழமை தோறும் வருவார். இந்தத் தேர்வுக்கு அவரையும் மலைக்கு அனுப்பியிருந்தார்கள், மாற்றுக் கண்காணிப்பாளராக. நாள் முழுக்க வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்ததாகச் சொன்னார். அவர் வகுப்புப் பிள்ளைகள் யாரும் எழுதவில்லை. அதனால் இதை மேடத்திடம் சொல்ல வேண்டிய தேவை எனக்குத் தெரியவில்லை.

மே 4, செவ்வாய்

இன்று ஒரு விடைத்தாள் கட்டில் திருட்டைப் பிடித்தேன்.

ஒன்பதாவது கேள்வி, ஐந்து மதிப்பெண். ABC ஒரு முக்கோணம். AB-யும் AC-யும் சமம். A-இல் உள்ள கோணம் 40 டிகிரி. BC-யை D வரை நீட்டினால் C-இல் உண்டாகும் வெளிக்கோணம் எவ்வளவு? இருசமபக்க முக்கோணத்தில் சம பக்கங்களுக்கு எதிரே உள்ள கோணங்களும் சமம். 180-இல் 40 போனால் 140, அதில் பாதி 70. எனவே B, C இரண்டும் எழுபது எழுபது. வெளிக்கோணம் 110. ஒழுங்காகப் படித்த பிள்ளை மூன்று வரியில் முடித்துவிடும்.

கட்டில் இருபத்தைந்து தாள்கள். இருபத்து நான்கில் விடை 140.

தவறு செய்வது குற்றமில்லை. ஆனால் தவறுகள் பலவிதமாக இருக்கும். ஒருவன் கூட்டலில் சறுக்குவான், ஒருத்தி பாதியில் நிறுத்துவாள். இங்கே இருபத்து நான்கு பேரும் ஒரே இடத்தில் சறுக்கியிருக்கிறார்கள். கேள்வியில் AB, AC சமம் என்றிருப்பதை யாரோ AB, BC சமம் என்று வாசித்திருக்கிறார். அப்படி வாசித்தால் A-யும் C-யும் நாற்பது, B நூறு, வெளிக்கோணம் 140. கூட்டிப் பார்த்தால் 180 சரியாக வருகிறது. வெளிக்கோணம் எதிரே உள்ள இரண்டு உட்கோணங்களின் கூடுதல் என்ற விதிக்கும் பொருந்துகிறது. வேறொரு முக்கோணத்துக்கு அது சரியான விடை. கேட்ட முக்கோணம் அதுவல்ல.

ஏழாவது கேள்வியிலும் அப்படியே. 4, 5, 10 செ.மீ. பக்கங்களைக் கொண்டு முக்கோணம் வரைய முடியுமா? முடியாது, இரண்டு பக்கங்களின் கூடுதல் மூன்றாவதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். இருபத்து நான்கு பேரும் சரியாக எழுதியிருக்கிறார்கள், ஆனால் "பெரிதாக" என்பதற்கு எல்லோரும் "மிகையாக" என்று எழுதியிருக்கிறார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளை எது "மிகையாக" என்று எழுதும்?

இருபத்தைந்தாவது தாள் தனி. அந்தப் பிள்ளையும் முதலில் 140 தான் எழுதியிருக்கிறது. பிறகு ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் படம் போட்டு, சம பக்கங்கள் இரண்டிலும் சின்னக் கோடு கிழித்து, 70, 70, 110 என்று எழுதியிருக்கிறது. ஏழாவது விடையும் சொந்த வார்த்தையில்.

கையோடு அறிக்கை எழுதி மேடத்திடம் கொடுத்தேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "அறைக்குள்ள யாரோ போர்டுல போட்டிருக்காங்க" என்றார். நானும் அதையேதான் நினைத்தேன்.

இரவு சாப்பிடும்போது இவரிடம் சொன்னேன். திருட்டு பிடிபட்ட கதையை ரசித்துக் கேட்பார் என்று நினைத்தேன். "எந்தப் பள்ளிக்கூடம்?" என்றார். "தெரியாது, எண்தான் இருக்கும்" என்றேன். மோர் வேண்டாம் என்று எழுந்துவிட்டார். மோர் இல்லாமல் அவர் சாப்பிட்டு முடித்து நான் பார்த்ததில்லை. வெயிலாக இருக்கும்.

மே 5, புதன்

கட்டை மேலிடத்துக்கு அனுப்புமுன் மறுபடி ஒருமுறை பார்த்தேன். நேற்று கவனிக்காத ஒன்று. "எனவே" என்பதற்கு மூன்று புள்ளி வைப்போம். கீழே இரண்டு, மேலே ஒன்று. தலைகீழாக, மேலே இரண்டு, கீழே ஒன்று வைத்தால் அது "ஏனெனில்". இருபத்து நான்கு தாள்களிலும் "எனவே" வர வேண்டிய இடத்தில் தலைகீழ்ப் புள்ளிகள்.

இந்தக் குறியை மாற்றிப் போடுகிறவர்கள் நிறையப் பேர் உண்டு. அறிக்கையில் இதைச் சேர்க்கவில்லை. தேவையில்லை என்று பட்டது.

சமையலறைக் காலண்டரில் இன்னும் ஏப்ரல் தொங்கிக்கொண்டிருந்தது. கிழித்து அடுப்புக்குக் கீழே போட்டேன். பிறகு எடுத்து நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

மே 6, வியாழன்

கிரைண்டர் பெல்ட் மாற்றியாகிவிட்டது. இவரே கடைக்குப் போய் வாங்கி மாட்டினார். ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மே 8, சனி

கடைசி நாள் திருத்தம். மேடம் என்னைத் தனியே கூப்பிட்டார். கட்டு எந்த மையம் என்று மேலிடத்தில் கண்டுபிடித்துவிட்டார்களாம். குறிஞ்சிப்பட்டிக்கு மேலே ஒரு நடுநிலைப் பள்ளி, மூன்றாம் அறை. கண்காணிப்பாளர் ரோஸ்லின் என்று ஒரு தற்காலிக ஆசிரியை. கணிதம் படித்த பெண். ஆறு மாதக் கர்ப்பம்.

"கேட்டதுக்கு, வாந்தி வந்துச்சு, முக்கா மணி நேரம் வெளியில போயிட்டேன், மாத்து ஆள் வந்து நின்னார்னு சொல்றாளாம். பதிவேட்டுல மாத்து ஆளோட கையெழுத்தே இல்லை" என்றார் மேடம்.

"மாத்து ஆளுங்க எத்தனை பேராம்?"

"நாலு பேர். நாலு பேரும் நாங்க எந்த ரூமுக்கும் போகலைன்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. அந்தப் பொண்ணுக்கு முகம்தான் ஞாபகம், பேரு தெரியலை. யாரு நம்புவா? கணக்கு தெரிஞ்சவ அவ ஒருத்திதான். வேலையை விட்டு நிறுத்திட்டாங்க."

கணக்குத் தெரிந்தவளாக இருந்தால் 140 எழுதமாட்டாளே என்று நான் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. மேடம் வேறு கட்டைப் பிரிக்கத் தொடங்கிவிட்டார்.

மே 9, ஞாயிறு

மாங்காய் வாங்கி ஊறுகாய் போட்டேன். இவர் உட்கார்ந்து நறுக்கிக் கொடுத்தார். ரோஸ்லினைப் பற்றிச் சொன்னேன். கத்தியை நிறுத்தாமல், "தற்காலிக வேலைதானே. வேற பள்ளிக்கூடம் கிடைக்கும்" என்றார்.

நீங்களும் அந்தப் பள்ளியிலா இருந்தீர்கள் என்று கேட்கவில்லை. மலை மேல் பள்ளிகள் எத்தனையோ.

மே 11, செவ்வாய்

தூக்கமில்லை. காபித்தூள் தீர்ந்துவிட்டது.

மே 13, வியாழன்

இன்று ஒரு காரியம் செய்தேன். எழுதவே கூசுகிறது.

மதியம் இவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு தாளில் அந்த முக்கோணத்தைப் போட்டு, A-இல் 40 என்று எழுதி, கொண்டுபோய் நீட்டினேன். "அடுத்த வருஷம் மெதுவாப் படிக்கிற பிள்ளைங்களுக்கு இதை வைக்கலாம்னு பார்க்கிறேன். கணக்கு தெரியாதவங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு தெரியணும். போட்டுப் பாருங்களேன்."

140 என்று சொல்வார் என்று பயந்தேன். யோசித்துப் பார்த்து முடியாது என்று தாளைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்றிருந்தது. கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் கரண்ட் பில் யூனிட்டைக்கூட என்னிடம்தான் கணக்குப் போடச் சொல்வார்.

தாளை வாங்கக்கூட இல்லை. எட்டிப் பார்த்துவிட்டு, "நூத்திப்பத்து" என்றார்.

"எப்படிச் சொன்னீங்க?"

"நீதானே அன்னிக்குச் சொன்னே, சாப்பிடும்போது."

உள்ளே வந்து இந்த நோட்டைப் புரட்டினேன். நான்காம் தேதி இரவு இவரிடம் என்ன சொன்னேன் என்று வரிவரியாக நினைத்துப் பார்த்தேன். ஒரே தவறான விடை என்றேன். 140 என்றேன். சரியான விடையை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குத் தெரியும். விடை சொல்லும்போது நான் வழிமுறையையும் சொல்வேன், இவர் கொட்டாவி விடுவார். அன்று கொட்டாவி விடவில்லை.

மே 14, வெள்ளி

கேட்டுவிட்டேன்.

ஏப்ரல் காலண்டரை ஏன் கிழித்தேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன். அதில் இவர் கையால் எழுதியிருந்தது: "வெள்ளி விடுமுறை", அடுத்து மேலே இரண்டு, கீழே ஒன்றாக மூன்று புள்ளி, "வியாழன் இரவே வருகிறேன்". கல்யாணமான புதிதிலிருந்து இந்தக் குறியைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ஐந்தாம் தேதி கட்டை மறுபடி பார்த்தபோதே எனக்குத் தெரியும்.

"மூணாம் அறைக்குப் போனது நீங்கதானே?"

முதலில் இல்லை என்றார். பிறகு யார் சொன்னார்கள் என்றார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"பாவம் அரசி, அந்தப் பிள்ளைங்க. பாதி வருஷத்துக்கு மேல கணக்கு வாத்தியாரே இல்லை. அந்தப் பொண்ணு ரோஸ்லினும் ஜனவரியிலதான் வந்திருக்கா. தாளை வச்சுக்கிட்டு முழிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தாங்க. எனக்கு மனசு கேக்கலை. எனக்குத் தெரிஞ்சதைப் போர்டுல எழுதிப் போட்டேன். மணி அடிக்கிறதுக்கு முன்னாடி அழிச்சுட்டேன்."

"தப்பா எழுதியிருக்கீங்க."

"அது எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன கணக்கு வாத்தியாரா? ஒரு பிள்ளையும் எதுவும் சொல்லலையே."

"அப்புறம் நூத்திப்பத்துன்னு எப்படி வந்துச்சு?"

"வீட்டுக்கு வந்து உன் புத்தகத்தைப் பார்த்தேன். மனசு உறுத்துச்சு."

பொருந்துகிறது. என் புத்தகங்கள் அலமாரியில்தான் இருக்கின்றன. இரக்க குணம் உள்ளவர்தான், தெருநாய்க்குக்கூடத் தனியாகச் சோறு எடுத்து வைப்பார். எல்லாம் கூட்டினால் சரியாகத்தான் வருகிறது.

"திங்கட்கிழமை வரைக்கும் பொறுப்பேன். நீங்களே போய் எழுதிக் கொடுத்திடுங்க. இல்லைன்னா நான் கொடுப்பேன்."

"கட்டின புருஷனையா?"

மாவு பொங்கி வழிந்திருந்தது. துடைக்கப் போய்விட்டேன்.

மே 17, திங்கள்

பத்து மணிக்குச் சட்டை போட்டார். பதினொன்றுக்குக் கழற்றினார். பன்னிரண்டரைக்கு நான் புடவை மாற்றினேன். என் பையில் கடிதம் இருப்பதைப் பார்த்துவிட்டு, "இரு, நானே வர்றேன்" என்றார்.

பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து இருக்கை. பக்கத்து மாவட்ட அலுவலகத்தில் தன் கையால் எழுதிக் கொடுத்தார்: இரக்கத்தால் செய்தேன், தவறான விடை என்று தெரியாது, எந்த மாணவரும் மறுப்புச் சொல்லவில்லை. நான் ஐந்தாம் தேதியே எழுதியிருக்க வேண்டிய குறி விவரத்தை எழுதிக் கொடுத்தேன். தாமதத்துக்குக் காரணம் கேட்ட கட்டத்தில் "தயக்கம்" என்று எழுதினேன்.

மே 24, திங்கள்

இவர் தற்காலிகப் பணிநீக்கம். ஜூன் பத்தாம் தேதி விசாரணை. ரோஸ்லினை மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். மூன்றாம் அறைப் பிள்ளைகள் இருபத்தைந்து பேருக்கும் மறுதேர்வாம். இருபத்தைந்து பேருக்குமா என்று மேடத்திடம் போனில் கேட்டேன். "ஒண்ணை மட்டும் எப்படிம்மா தனியாப் பிரிக்கிறது?" என்றார்.

ஜூன் 2, புதன்

விசாரணையில் என்னையும் கேட்பார்களாம். "நான் பிள்ளைங்க மேல இரக்கப்பட்டுத்தான் செஞ்சேன்னு நீ ஒரு வார்த்தை சொன்னா போதும். சின்னத் தண்டனையோட விட்டுடுவாங்க" என்கிறார். இளைத்துவிட்டார். சொல்லலாம் என்றுதான் இருக்கிறேன். இரக்கம் இருந்தது உண்மைதானே.

அதற்கு முன் ரோஸ்லினை ஒருமுறை பார்க்க வேண்டும்.

ஜூன் 5, சனி

காலை ஆறு மணி பஸ். மலைப் பாதையில் இரண்டு முறை வாந்தி எடுத்தேன். ரோஸ்லின் என்னைவிட இருபது வயது சிறியவள். நான் யார் என்று சொன்னதும் எழுந்து நாற்காலி போட்டாள். மன்னிப்புக் கேட்கத் தயார் செய்துகொண்டு போன வாக்கியம் ஒன்றும் வாயில் வரவில்லை.

"உங்களைத் திருடின்னு சொன்னப்ப நான் வாயைத் திறக்கலை. மூணு நாளைக்கு முன்னாடியே எனக்குத் தெரியும்" என்றேன்.

"அப்புறமாச்சும் சொன்னீங்களே டீச்சர்" என்றாள். பிறகு, "எங்க அம்மா அந்த வாரம் முழுக்கச் சாப்பிடலை" என்றும் சொன்னாள். அதை நான் கேட்க வேண்டியதுதான்.

மறுதேர்வுக்குச் சனிக்கிழமையும் வகுப்பு வைக்கிறாள். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து கோணமானி வைத்து அளந்துகொண்டிருந்தார்கள். செங்கோண முக்கோணத்தில் இன்னொரு கோணமும் தொண்ணூறாக இருக்க முடியுமா என்று ரோஸ்லின் கேட்டாள். பின் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்காமலேயே, "மூணாவது கோணத்துக்கு மிச்சமே இருக்காதே டீச்சர்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

பெயர் பூவிழி. இருபத்தைந்தாவது தாள் யாருடையது என்று நான் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் அவளே என்னிடம் வந்தாள்.

"நான் சரியாத்தானே டீச்சர் போட்டேன்? எனக்கு எதுக்கு மறுபடியும் பரீட்சை?"

"போர்டுல 140-ன்னு இருந்தப்ப உனக்கு மட்டும் எப்படிம்மா சந்தேகம் வந்துச்சு?" என்றேன்.

"படம் போட்டுப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் சமமா வரலை. எந்திரிச்சு, சார் தப்பா இருக்கு, நூத்திப்பத்துதான் வரும்னு சொன்னேன்."

"சத்தமாவா சொன்னே?"

"எல்லாருக்கும் கேட்டுச்சு. சார் எங்கிட்ட வந்து என் தாளைப் பார்த்தாரு. கேள்வியையும் பார்த்தாரு. அப்புறம் குனிஞ்சு, நீ சொல்றது சரிதான், ஆனா எல்லாரும் எழுதியாச்சு, இப்ப மாத்தினா நேரம் போயிடும், வெளியில அதிகாரிங்க ஜீப் வந்திருக்குன்னாரு. நீயும் 140-ன்னே எழுது, ஒண்ணு மட்டும் வேற மாதிரி இருந்தா மாட்டிக்குவோம்னாரு."

"எழுதிட்டே."

"எழுதினேன். சார் பக்கத்துலயே நின்னாரு. அவரு வெளியில போற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். போனதும் அடிச்சுட்டு மாத்தினேன்."

ரோஸ்லின் என்னைப் பார்க்காமல் சாக்பீஸ் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இதை விசாரணைக்கு வந்தவங்ககிட்ட சொன்னியா?"

"யாரும் என்னைக் கேக்கலையே."

"நான் கேக்கிறேன். எழுதித் தர்றியா?"

ஒன்றரைப் பக்கம் எழுதினாள். அடித்தல் திருத்தல் இல்லை. காட்டு வேலையிலிருந்து அவள் அம்மாவைக் கூட்டி வந்தார்கள். ரோஸ்லின் உரக்க வாசித்துக் காட்டினாள். அம்மா மண்ணுக் கையை முந்தானையில் துடைத்துவிட்டு மகள் பெயருக்குக் கீழே கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்தபோது இவர் வாசலிலேயே நின்றிருந்தார். "என்ன சொன்னாங்க?" என்றார். "ரோஸ்லின் நல்லா இருக்கா" என்றேன். ரசம் வைத்திருந்தார். அதைச் சாப்பிட்டேன்.

ஜூன் 7, திங்கள்

பள்ளிக்கு விடுப்பு சொல்லிவிட்டுக் காலையிலேயே போய்விட்டேன். இரண்டு மணிக்குத் திரும்பினேன். இவர் கூடத்தில் இருந்தார். விசாரணையில் நான் என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். நீட்டினார்.

நான் பையிலிருந்து பூவிழியின் தாளை எடுத்து நீட்டினேன். நின்றுகொண்டே படித்தார். முதல் பக்கம் முடிந்ததும் உட்கார்ந்தார். இரண்டாம் பக்கத்தை முடித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார்.

"சின்னப் பொண்ணு. என்னமோ நினைச்சுக்கிட்டு எழுதியிருக்கா."

"நூத்திப்பத்து என் புத்தகத்துல எந்தப் பக்கத்துல இருக்கு? எடுத்துக் காட்டுங்க."

எழுந்திருக்கவில்லை.

"இரக்கம்னு சொன்னீங்க. தப்புன்னு தெரிஞ்ச பிறகும் இருபத்து நாலு பிள்ளைங்களை அப்படியே விட்டுட்டு, சரியாப் போட்ட ஒருத்தியையும் தப்பா எழுதச் சொல்லியிருக்கீங்க. யாரைக் காப்பாத்த?"

தாளை மடித்து மேசை மேல் வைத்தார்.

"இதை எப்போ கொடுக்கப் போறே?"

"கொடுத்துட்டேன். இது நகல்."

ஜூன் 8, செவ்வாய்

காலையில் அவரே காபி போட்டார். ஒரு தம்ளர்தான் போட்டார்.

ஜூன் 21, திங்கள்

அவர் தன் அண்ணன் வீட்டில் இருக்கிறார். விசாரணை இன்னும் முடியவில்லை. அவருடைய உடுப்புகளைத் தேய்த்து அண்ணன் மகனிடம் கொடுத்தனுப்பினேன். ஊறுகாயும் ஒரு பாட்டில். வீட்டில் அரை படி அரிசி ஊறவைத்தால் மூன்று நாள் வருகிறது.

மாலையில் ரோஸ்லினிடமிருந்து போன். பூவிழியின் பழைய தாளே செல்லும் என்று முடிவாகிவிட்டதாம். உறைவிடப் பள்ளியில் இடமும் கிடைத்துவிட்டது. மற்ற இருபத்து நான்கு பேருக்கு ஞாயிற்றுக்கிழமை மறுதேர்வு. ரோஸ்லினுக்கு நின்று பாடம் நடத்த முடியவில்லையாம், பாதிக் கணக்கைப் பூவிழிதான் போர்டில் போட்டுக் காட்டுகிறாளாம்.

"டீச்சர்கிட்ட பேசணுமாம்" என்று போனைக் கொடுத்தாள்.

"சாரை வேலையை விட்டு எடுத்துடுவாங்களா டீச்சர்?" என்றாள் பூவிழி.

"தெரியலம்மா. எடுத்தாலும் எடுக்கலாம்."

"நான் எழுதிக் கொடுத்ததாலயா?"

"இல்லம்மா" என்றேன். "அவர் எழுதினதால."